மலேசியா பீடோங்ல இருந்துக்கிட்டே அமெரிக்கா பாலைவன ஸ்லாட் கேன்யன் நடக்க எப்படித் தயாராகறது?

கேள்வி கேட்ட தங்கச்சி செப்டம்பர் ஆரம்பத்துல குடும்பத்தோட யூட்டா போறாங்களாம், ரெண்டு பக்கமும் பாறைச் சுவரா ஓங்கி நிக்கிற அந்தச் சந்துல நடக்க ஆசையாம், ஆனா வெயில் தாங்குமா, எஸ்டேட் பக்கத்துல எப்படி ட்ரெய்னிங் எடுக்கறதுன்னு கேக்குறாங்க. நானும் பீடோங் ஆளுதான். மச்சான் ஃபீனிக்ஸ்ல வேலை செய்றாரு, அவரோட போய் நடந்திருக்கேன், அதை வச்சு சொல்றேன்.

வெயிலை விடுங்க, தண்ணிக்குப் பயப்படுங்க. ஜெராய் மலை அடிவாரத்துல ஆத்துல குளிக்கப் போனா வீட்டுல என்ன சொல்வாங்க, மலை உச்சி கறுத்தா ஏறி வந்துடு, தண்ணி கலங்கி இலைதழை அடிச்சிட்டு வந்தா எதையும் எடுக்காம ஓடுன்னுதானே? 2021 ஆகஸ்ட்ல யான் பக்கம் கெப்பாலா ஆயர், அதான் மலையில இருந்து திடீர்னு பாஞ்சு வர்ற வெள்ளம், வந்து ஆளுங்க செத்தது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதேதான் அங்கயும், ஆனா அங்க ஏறி ஓடக் கரை கிடையாது. நிலம் மொட்டைப் பாறையா இருக்கு, மழைத் தண்ணிய உறிஞ்சாது, சுத்துவட்டாரத்துல பேயுற அத்தனையும் அந்த ஒரே சந்துக்குள்ளதான் பாயும். நம்ம தலைக்கு மேல வானம் நீலமா இருக்கும், மழை பல மைல் தள்ளி பெய்ஞ்சிருக்கும். 1997 ஆகஸ்ட் 12-ல அரிசோனா லோவர் ஆண்டிலோப் கேன்யன்ல 11 டூரிஸ்ட்டுங்க செத்தது இப்படித்தான். 2015 செப்டம்பர் 14-ல ஸயான் பார்க்ல கீஹோல் கேன்யன்ல ஏழு பேர் போயிட்டாங்க. யூட்டாவுல பக்ஸ்கின் கல்ச்னு ஒரு நீளமான சந்து, அது உள்ள போனா நிமிர்ந்து பாருங்க, தலைக்கு ரொம்ப மேல மரக்கட்டை சுவருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கும், வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து கொண்டுபோய்ச் சொருகினது அது.

அதனால முதல் தயாரிப்பு மாசத்தை மாத்துறது. ஜூலை நடுவுல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் அங்க மழைக்காலம், மத்தியானம் ஆனா இடி மழை. முடிஞ்சா அக்டோபருக்குத் தள்ளுங்க. டிக்கெட் எடுத்தாச்சு, மாத்த முடியாதுன்னா காலையில வானிலை இலாகா போடுற திடீர் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்க, நீங்க நிக்கிற இடத்துக்கு மட்டும் இல்ல, மேட்டுப்பக்கத்துக்கும் சேர்த்து. வாய்ப்பு இருக்குன்னு போட்டிருந்தாலே உள்ள போகாதீங்க, அவ்வளவு தூரம் வந்துட்டோமேன்னு பிள்ளைங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் சரி. ஆண்டிலோப் நவஹோ மக்களோட நிலம், கைடு இல்லாம விடவே மாட்டாங்க, முன்கூட்டியே புக் பண்ணணும். முதல் தடவைன்னா என்னைக் கேட்டா அதுவே போதும்.

இப்ப வெயிலுக்கு வருவோம். இங்க வேர்த்தா சட்டை உடம்போட ஒட்டிக்கும், நமக்கே தெரியும். அங்க காத்து அவ்வளவு வறட்சி, வேர்வை வந்த இடம் தெரியாம காய்ஞ்சிடும், தாகமே எடுக்காத மாதிரி இருந்துட்டு திடீர்னு தலைவலி வரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வச்சுக்கோங்க, தாகத்துக்குக் காத்திருக்காம குடிங்க. வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தாலும் உப்பு குறைஞ்சு ஆள் படுத்துடும், அதுக்கு உப்பா எதாச்சும் கொறிக்கணும். நான் கச்சாங் பூத்தேதான் கொண்டுபோனேன், முறுக்கும் கடலையும் கலந்தது, மச்சான் பாதியை கார்லயே முடிச்சிட்டாரு அது வேற கதை. ஆனா உள்ள வெயில் படாத குட்டையில தேங்கி நிக்கிற தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், பருத்தி சட்டை, ஜீன்ஸ் நனைஞ்சா நடுக்கம் எடுத்துடும். சீக்கிரம் காயிற ஜெர்சியே நல்லது.

ட்ரெய்னிங்குக்கு ஜிம் எல்லாம் வேணாம். அந்த 4 லிட்டரை முதுகுல போட்டுக்கிட்டு காலையில செம்பனைக் காட்டு ரோட்டுல நடங்க, லீவு நாள்ல பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போய் அதே பையோட காஞ்ச மணல்ல நடங்க, கேன்யன் தரையில பாதி அந்த மாதிரி கால் புதையுற மணல்தான். கைக்கும் பலம் வேணும், யூட்டாவுல இருக்குற பீக்கபூ கேன்யன்ல வாசல்லயே பாறையைப் பிடிச்சுத்தான் ஏறணும். பக்கத்துல இருக்குற ஸ்பூக்கி சில இடத்துல 25 சென்டிமீட்டர்தான் அகலம். வீட்டு அலமாரியை சுவத்துல இருந்து அந்த அளவு தள்ளி வச்சு பக்கவாட்டுல நுழைஞ்சு பாருங்க, மூச்சு முட்டுற மாதிரி பதட்டம் வந்தா அந்த இடம் உங்களுக்கு வேணாம். என் மச்சான் தொப்பைக்கு அலமாரியே பதில் சொல்லிடுச்சு, அவர் வெளியதான் உக்காந்திருந்தாரு.

சப்பாத்து விஷயம், நம்ம கம்போங் அடிடாஸ், அதான் அந்த ரப்பர் சப்பாத்து, சேத்துக்கு ராஜா, ஒத்துக்கறேன், ஆனா ஸயான் நாரோஸ் மாதிரி ஆத்துக்குள்ள உருண்டைக் கல்லு மேல மணிக்கணக்கா நடக்க கணுக்காலைப் பிடிக்கிற சப்பாத்து வேணும். அதை அங்கயே வாடகைக்குத் தர்றாங்க, குச்சியும் சேர்த்து, சுமந்துக்கிட்டுப் போகாதீங்க.

உள்ள போன் லைன் கிடைக்காது. எந்த கேன்யன், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு வெளிய ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. 2003-ல ஏரன் ரால்ஸ்டன்னு ஒருத்தர் யார்கிட்டயும் சொல்லாம புளூஜான் கேன்யன் போய், கை பாறையில மாட்டி, அஞ்சு நாள் கழிச்சு தானே கையை வெட்டிக்கிட்டு வெளிய வந்தாரு.

வாடகைக் கார் எடுக்கறதா இருந்தா மண் ரோட்டுல ஓட்டலாமான்னு ஒப்பந்தத்துல பாத்துக்கோங்க, பீக்கபூ, ஸ்பூக்கி போற ரோடு முழுக்க மண்ணு, மழை பெஞ்சா வண்டி நகராது. பக்ஸ்கினுக்கு பகல்ல போனாலும் பெர்மிட் வேணும்.