கப்பல் அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் ரசாயனம் ஏற்றும் கெமிக்கல் டேங்கர் கப்பலில் கேடட், அதாவது பயிற்சி அதிகாரி. 'டேங்குக்குள்ள நைட்ரஜன்தாம்மா இருக்கு, நாம இழுக்கிற காத்துலயும் அதுதானே, பயப்படாதே' என்கிறான். நிஜமா?
– ஒரு தாய், வள்ளியூர்

பதில்: பாதி நிஜம், தங்கச்சி. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், விஷம் கிடையாது. ஆனால் நம் உயிரைப் பிடித்து வைத்திருப்பது மீதியில் உள்ள 21 சதவீத ஆக்சிஜன். சரக்கு தீப்பிடிக்காமல், ஈரம் படாமல் இருக்க டேங்கில் நைட்ரஜனை ஏற்றும்போது அந்த ஆக்சிஜனைத்தான் வெளியே தள்ளுகிறோம்.

நம்ம பக்கம் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. கிணற்றில் கரியமில வாயு தேங்கியிருந்தால் மூச்சு முட்டும், நெஞ்சு அடிக்கும், ஆள் சுதாரிக்கலாம். நைட்ரஜனில் அந்தத் தவிப்பே வராது. உடம்பில் கரியமில வாயு கூடினால்தான் மூச்சுக்குத் தவிப்போம். இங்கே அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். வாடை இல்லை, எரிச்சல் இல்லை. ஆக்சிஜன் அறவே இல்லாத இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தால் நினைவு போய்விடும்.

நான் சீஃப் ஆபீசராக இருந்த கப்பலில் ஒரு பம்ப்மேன் (சரக்கு பம்புகளைப் பார்த்துக்கொள்பவர்), நைட்ரஜன் ஊதிய டேங்கின் மூடியைத் திறந்து, அடியில் சரக்கு மிச்சமிருக்கிறதா என்று குனிந்தார். இறங்கவே இல்லை, எட்டித்தான் பார்த்தார். அப்படியே சரிந்தார். பக்கத்தில் நின்றவன் இடுப்பைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். இன்றைக்கும் அந்த மூடிச் சத்தம் என் காதில் கேட்கிறது.

டேங்கில் இறங்குவதென்றால் வெளிக்காற்றை ஊதி, மேலே, நடுவே, அடியே ஆக்சிஜன் மீட்டர் விட்டுப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் வெளிக்காற்றில் உள்ளதுபோல 20.9 சதவீதம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் பெர்மிட் என்ற எழுத்து அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

இதை மட்டும் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்: உள்ளே கூட்டாளி விழுந்து கிடந்தால் பதறி இறங்கக் கூடாது. அலாரம் அடிக்கணும். முதுகில் காற்று சிலிண்டரும் முகமூடியும் மாட்டி, பயிற்சி எடுத்தவர்கள்தான் இறங்கணும். காப்பாற்றப் போனவனும் அவன் மேலேயே விழுந்து செத்த கதைகள் கப்பலில் நிறைய.

அடுத்து போனில் வரும்போது, 'மூடியைத் திறக்கச் சொன்னா முதல்ல மீட்டர் அளவைக் கேப்பியா மக்கா?' என்று கேளுங்கள். 'நான் வெறும் கேடட், எப்படிக் கேட்பது' என்று அவன் தயங்கினால், ஒரு பழைய சீஃப் ஆபீசர் கேட்கச் சொன்னார் என்று சொல்லுங்கள்.