முதியவர் வாசலுக்குப் போகும் சோறு: கேள்வி பதில்

தனித்திருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பாளையங்கோட்டைக் குழு ஒன்றில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில், அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

ஐயா, வீடு தேடிச் சென்று உணவளிக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது? (அம்பாசமுத்திரம்)

பசித்தவருக்குச் சோறிடுவது நமக்குப் புதிதன்று. வடலூர்த் தருமசாலையில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனால் சத்திரமானாலும் சாலையானாலும் பசித்தவர்தாம் அங்கே நடந்து வரவேண்டும். நடக்கமாட்டாதவரைத் தேடிச் சோறு போகும் ஏற்பாடு, உலகப்போர்க் காலத்தில், 1943-இல், இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஊரில் பெண்கள் தன்னார்வத் தொண்டு அமைப்பினரால் தொடங்கப்பட்டது. இத்தகைய தொடக்ககாலத் தொண்டர்கள் பழைய குழந்தை வண்டிகளில் சாப்பாட்டை ஏற்றி, சூடு ஆறாதிருக்க வைக்கோலையும் சிலவேளை பழைய கம்பளித் தொப்பிகளையும் அணைத்து வைத்துத் தள்ளிச் சென்றார்கள்.

இதைத் தனித் தொண்டு நிறுவனமாக வளர்த்தவர் யார்? (தென்காசி)

பலர் உண்டு, என் மனத்தில் முதலிடம் ஆஸ்திரேலியாவின் டோரிஸ் டெய்லருக்கே. சிறுவயதில் கீழே விழுந்து நடக்கும் திறனை இழந்து, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த அந்த அம்மையார், 1953-இல் அடிலெய்டில் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு போர்ட் அடிலெய்டு சமையற்கூடத்திலிருந்து முதல் சாப்பாடு புறப்பட்டது. படியிறங்க முடியாதவர் படும் பாட்டை அவருக்கு ஒருவர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதே 1954-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் இப்பணி தொடங்கியது. அங்கே தட்டுகளைச் சுமந்தவர்களில் பள்ளி மாணவர்களே மிகுதி.

நம் அரசு ஒன்றும் செய்யவில்லையா? (வள்ளியூர்)

செய்திருக்கிறது. பள்ளி மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956-இல் தொடங்கிவைத்த எட்டயபுரம், அன்று நம் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்தான். முதியோர் உதவித்தொகை 1962-இல் வந்தது. அதைப் பெறுவோருக்கும் 1983 முதல் சத்துணவு மையங்களில் மதிய உணவு கிடைத்தது. உதவித்தொகை கிட்டாத முதியவர்களுக்கு மாதம் 10 கிலோ அரிசியை இலவசமாகத் தரும் அன்னபூர்ணா திட்டத்தை மத்திய அரசு 2000-இல் கொண்டுவந்தது. அந்த அரிசியைப் பொங்கிக் கொடுக்க வீட்டில் ஆளில்லாதபோதுதான் எங்களைப் போன்றோருக்கு வேலை வருகிறது.

பல் இல்லாதவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? (மேலப்பாளையம்)

சோற்றைக் குழைய வடித்து, பருப்பை நன்றாக மசித்து, கீரையைக் கடைந்து கொடுக்கிறோம். சொதி வைக்கும் நாளில் முருங்கைக்காயைச் சேர்ப்பதில்லை. உருளைக்கிழங்கும் காரட்டும் கையால் நசுங்கும்வரை வேகும். தூக்குச்சட்டியின் மூடியை நடுங்கும் கையால் திறக்க முடியாதென்பது எங்களுக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. ஓர் ஆச்சி திறக்க மாட்டாமல் அப்படியே வைத்திருந்ததை மாலையில்தான் கண்டோம். அன்றிலிருந்து, மூடியைத் திறந்து, சோற்றைத் தட்டில் எடுத்துவைத்த பிறகே தொண்டர் படியிறங்கவேண்டும் என்பது விதி.

என் தாயார் "ஓசிச்சோறு வேண்டாம்" என்கிறார். என்ன செய்வது? (நாங்குநேரி)

அவர் பேச்சில் தவறில்லை, வற்புறுத்தாதீர்கள். அமெரிக்காவில் 60 வயது கடந்தோருக்கான உணவுத் திட்டத்தை 1972-இல் சட்டமாக்கியபோதே, விரும்புவோர் தம்மால் இயன்றதைச் செலுத்த அதில் வழி வைத்தார்கள். செலுத்தாதவருக்கும் சாப்பாடு உண்டு. நாங்களும் சாப்பாட்டுக் கூடையில் ஓர் உண்டியல் வைத்திருக்கிறோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை. காசுக்குப் பதிலாகக் கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையைக் கூடையில் வைத்தனுப்புவோரும் உண்டு. அது மறுநாள் கூட்டுக்கு ஆகிறது. உங்கள் தாயாரிடம் அந்த உண்டியலைப் பற்றி முதலில் சொல்லுங்கள், சாப்பாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.