லிமா மலைச்சரிவுகளில் ஏழைகள் ஏன் தண்ணீருக்கு அதிகம் கொடுக்கிறார்கள்?

பட்டா இல்லாத நிலத்தில், அரசு அனுமதிக்குக் காத்திராமல் மக்களே வீடு கட்டிக் குடியேறிய இடத்தை முறைசாராக் குடியிருப்பு என்பார்கள். பெருவின் தலைநகர் லிமாவைச் சுற்றியுள்ள வறண்ட மலைகள் முழுக்க இப்படித்தான் நிறைந்திருக்கின்றன. பலகைச் சுவர், தகரக் கூரை, செங்குத்தான படிகள்.

லிமா பாலைவன நகரம். ஆண்டு மழை ஓரிரு சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது. நகருக்கு முக்கியமாக ரீமாக் ஆறுதான் தண்ணீர் தருகிறது. அதை மலைமேல் ஏற்ற பம்பும் தொட்டியும் வேண்டும். நிலத்துக்குப் பத்திரம் இல்லாத இடத்துக்குக் குழாய் வருவது எளிதல்ல. அதனால் லாரித் தண்ணீர்தான். அதை வாசலில் உள்ள பீப்பாயில் வாங்கி வைப்பார்கள். லாரி ஏற முடியாத உயரமென்றால் குடத்தில் சுமக்க வேண்டும். டீசல், ஓட்டுநர் கூலி, வியாபாரியின் லாபம் எல்லாம் விலையில் ஏறிவிடுகிறது. பீப்பாய் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு.

அடுப்பு வைக்க இடமில்லாதவர் மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிடுவது போலத்தான் இது. காசு குறைவாக இருப்பவருக்கே செலவு அதிகம்.

இத்தனைக்கும் குளிர்காலத்தில் அங்கே ஓயாத மூடுபனி! சில இடங்களில் வலை கட்டி அந்தப் பனியிலிருந்து தண்ணீர் பிடிக்கிறார்கள். செடிகளுக்கு ஆகும்.

சரி, இந்தக் குடியிருப்புகளெல்லாம் சில நாளில் கலைந்துபோகும் குடிசைகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1971-ல் மணலில் பாய்த் தடுப்புகளோடு தொடங்கிய வில்லா எல் சால்வடோர் என்ற குடியிருப்பு, 1983-ல் லிமாவின் தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது.