கறுவா ஸ்கோனும் கச்சான் காற்றும்

ஸ்கோன் என்பது ஈஸ்ட் இல்லாமல் பேக்கிங் பவுடரில் பொங்கவைக்கும் சிறிய பணிஸ் மாதிரி. கறுவா ஸ்கோன் பற்றி நம் திருகோணமலை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், அது பொங்கவில்லை என்ற ஒரே முறைப்பாடுதான். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அளவு தெரியாதவர்களுக்காக: கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, சிவப்புச் சீனி 50 கிராம், கறுவாத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, பட்டர் 75 கிராம், ஒரு முட்டை, பால் ஏறக்குறைய 90 மில்லிலீற்றர். நம் கடைகளில் கிடைக்கும் பட்டரில் பெரும்பாலும் உப்பு இருக்கும். தனியாகப் போடத் தேவையில்லை.

பேக்கிங் பவுடர் புதிதுதான். ஆனாலும் ஸ்கோன் பொங்காமல் பிஸ்கட் மாதிரிப் பரவிவிட்டது. ஏன்? (உவர்மலை வாசகி)

எத்தனை மணிக்குச் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பகல் இரண்டு மணி என்று பந்தயம் கட்டுவேன். பட்டர் 32 பாகையைத் தாண்டினால் இளகி ஓடத் தொடங்கும். கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று, அடிக்கிற மாதங்களில் நம் குசினி அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஸ்கோன் பொங்குவதற்கு பேக்கிங் பவுடர் மட்டும் காரணமில்லை. மாவுக்குள் சிறு துண்டுகளாக இருக்கிற கெட்டிப் பட்டர் ஓவன் சூட்டில் உருகும்போது, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தள்ளி இடைவெளி உண்டாக்கும். பட்டர் முன்னமே உருகி மாவோடு கலந்துவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

என் முதல் தட்டும் இப்படித்தான் போனது. ஒரு ஜூலை மத்தியானம், விரலால் உதிர்க்க உதிர்க்க எண்ணெய் வடிந்தது. கடைசியில் ரொட்டியென்று சொல்லி வீட்டில் கொடுத்துச் சமாளித்தேன்.

இப்போது செய்வது இது. முதல் நாள் இரவே பட்டரைப் பிரீசரில் போட்டு விடுவேன். மா, கிண்ணம் இரண்டும் பிரிட்ஜில். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், பட்டரை கரட் துருவுகிற துருவியில் துருவி மாவில் கொட்டி முள்ளுக்கரண்டியால் கிளறுவேன். உள்ளங்கை படவே கூடாது, விரல் நுனி போதும். பாலை விட்டதும் பிசையாமல், சேர்த்துப் பிடித்து, இரண்டரைச் சென்ரிமீற்றர் கனத்துக்குத் தட்டி வெட்டுங்கள். வெட்டியதை இன்னொரு 20 நிமிடம் பிரீசரில் வைத்து, 200 பாகையில் நன்றாகச் சூடேறிய ஓவனுக்குள் நேரே தள்ளுங்கள். 15 நிமிடமளவில் மேற்பக்கம் பொன்னிறமாகும். ஒன்றையொன்று தொட்டபடி அடுக்கினால் பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழும்பும்.

பேக்கிங் பவுடர் புதிது என்றீர்கள். கடலோர ஈரத்தில் திறந்து வைத்த பக்கற் சீக்கிரம் செத்துவிடும். அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் உயிர் இருக்கிறது.

ஓவன் இல்லை. விட்டுவிட வேண்டியதுதானா? (பாலையூற்று)

ஏன் விட வேண்டும்? ஸ்கொத்லாந்தில் ஸ்கோன் பிறந்ததே கல்லில்தான். வட்டமாகத் தட்டி, நாலாக வெட்டி, இரும்புக் கல்லில் வாட்டினார்கள். பேக்கிங் பவுடரும் ஓவனும் பிறகு வந்தவை. உங்கள் தோசைக்கல் போதும். கனத்தை ஒன்றரைச் சென்ரிமீற்றராகக் குறைத்து, அடுப்பை மிகவும் தணித்து, மூடியால் மூடி ஒவ்வொரு பக்கமும் ஆறேழு நிமிடம் வையுங்கள். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் சீனி கருகி, நடு பச்சையாக இருக்கும். எனக்கு ஓவனில் செய்ததை விட இதன் வாசம் பிடிக்கும்.

கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய கறுவாத் தூள் நம்முடையதை விடக் காரமாக இருக்கிறது. அதுதான் நல்லதா? (நிலாவெளி)

கறுவாவுக்குப் பேர்போன நாட்டுக்கே கறுவா அனுப்பியிருக்கிறார், பாசம்தான்! அங்கே கடையில் விற்பது பெரும்பாலும் காசியா. அது வேறு மரத்தின் பட்டை. நம்முடையது மெல்லிய தாள்கள் பல சுற்றிய சுருட்டுப் போல இருக்கும், கையால் நொறுக்கலாம். காசியா தடித்த ஒற்றைப் பட்டை. காரம் கூட, நுணுக்கம் குறைவு. அதில் கூமரின் என்ற பொருளும் அதிகம், தினமும் நிறையச் சேர்த்தால் ஈரலுக்குக் கூடாது. நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு (அந்தப் பெயர் அந்த இடத்துப் பொருளுக்கே உரியது என்ற பாதுகாப்பு) கொடுத்தது சும்மா இல்லை.

குச்சியாக வாங்கி, வெயிலில் காயவைத்து, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அரைத்த அன்று இருக்கிற வாசம் அடுத்த மாதம் இருக்காது.

கறுவா பணிஸ் செய்தால் ஈஸ்ட் எழும்பவில்லை. ஸ்கோனுக்கும் அப்படி ஆகுமா?

ஆகாது. கறுவாவின் எண்ணெய் ஈஸ்டை அடக்கும், ஸ்கோனில் ஈஸ்ட் இல்லை. பணிஸுக்குக் கறுவாவை மாவில் கலக்காமல் சீனியோடு உள்ளே தடவிச் சுருட்டுங்கள்.

மோர் வேண்டும் என்கிறார்கள், கடையில் இல்லை. (மூதூர்)

எருமைத் தயிர் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? மூன்று பங்கு தயிருக்கு ஒரு பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கடைந்து பாலுக்குப் பதிலாகச் சேருங்கள். அப்பச்சோடா கால் தேக்கரண்டியும் கூடப் போடுங்கள், பேக்கிங் பவுடரில் ஒரு தேக்கரண்டியைக் குறையுங்கள். தயிர்ப் புளிப்புக்கு ஸ்கோன் இன்னும் மிருதுவாக வரும்.

எந்த மா வாங்கலாம்?

சாதாரண கோதுமை மாவே போதும். என் அம்மம்மா இன்னும் அமெரிக்கன் மா என்றுதான் சொல்வார். மா ஆலையோ சீனக்குடாவில், கூப்பிடு தூரத்தில்!

தேநீர்க் கிளாஸால் வெட்டினால் ஒரு பக்கம் சாய்கிறது.

கிளாஸைத் திருகாதீர்கள். விளிம்பில் மா தொட்டு, நேரே அமத்தி நேரே எடுங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கம் எழும்பாது. முட்டை பூசும்போதும் ஓரத்தில் வழியவிட வேண்டாம்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். கறுவா நல்லது என்பதால் தாராளமாகக் கொடுக்கலாமா? (தம்பலகாமம்)

கொடுக்க முடியாது, தங்கச்சி. வெள்ளை மா, சீனி, பட்டர் எல்லாவற்றோடும் ஒரு சிட்டிகை கறுவாவும் சேர்ந்துவிட்டதால் ஸ்கோன் மருந்தாகாது. ஆசைக்குப் பாதி கொடுங்கள், மீதியை நீங்கள் சாப்பிடுங்கள். அவர் குடிக்கிற தேநீரில் சீனி போடாதீர்கள்.