ஒரே கதவு எண்ணில் இருந்தால் 'பிரிந்து வாழ்ந்ததாக' ஆகுமா?

கேள்வி: எங்களுக்கு 2012-ல் இந்து முறைப்படி கல்யாணம். ஒரு மகன். சென்னையில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். 2020 ஊரடங்கில் படுக்கையறை கணவரின் ஆபீஸ் ஆனது. ஹாலில் மகனுக்கு என் போனில் ஆன்லைன் கிளாஸ். எனக்கு அடுப்படி மட்டும்தான் மிச்சம். "மிக்சி போடாதே, மீட்டிங் நடக்குது" என்பதில் தொடங்கிய சண்டை, பேச்சே நின்றுபோகும் அளவுக்கு வளர்ந்தது. இன்றைக்கும் ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு இருக்கிறது. 'பால் இல்லை', 'ஃபீஸ் கட்டியாச்சு' என்று அதில்தான் எழுதிக்கொள்கிறோம். அவர் படுப்பது ஹாலில். பரஸ்பரம் பேசிப் பிரிய முடிவெடுத்துவிட்டோம். ஒரு வருடம் தனித்தனி வீட்டில் இருந்தால்தான் மனு போட முடியும் என்றும், வேறு முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் 'ரெடி' பண்ணித் தருவதாகவும் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தனி வீடும் பார்க்க வேண்டாம்.

இந்து திருமணச் சட்டம், பிரிவு 13-பி, ஓராண்டோ அதற்கு மேலோ 'பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்' என்கிறது. தனி வீடு என்று அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. 1991-ல் சுரேஷ்தா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: சூழ்நிலை காரணமாக ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம், வெவ்வேறு வீட்டில் இருப்பவர்கள் கணவன் மனைவியாகவே வாழலாம். எங்கே இருந்தீர்கள் என்பதைவிட, எப்படி இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் விரித்தே சொல்கிறேன். நீங்கள் வைத்த சாம்பாரை அவர் ஊற்றிச் சாப்பிட்டால் பிரிவு கலைந்துவிடாது. மகனின் பள்ளி மீட்டிங்குக்கு ஒன்றாகப் போனாலும், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாலும் கலையாது. ஒரே ரேஷன் கார்டில் இரண்டு பெயரும் இருந்துவிட்டுப் போகட்டும். தாம்பத்திய உறவு நின்று, இனி சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இல்லாமல் போன நாள்தான் தொடக்கம். இடையில் சமாதானமாகி மறுபடி கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் மட்டும், ஓராண்டை அதற்குப் பிறகிருந்து எண்ண வேண்டும்.

ஆகவே மனுவில் உண்மை முகவரியையே போடுங்கள். ஒரே வீட்டில், எந்த மாதத்திலிருந்து, எப்படிப் பிரிந்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நீதிபதி கேட்டால் இருவரும் அதையே சொல்லுங்கள். போலி வாடகை ஒப்பந்தத்தை வைத்துச் சத்தியம் செய்வது பொய்ச் சாட்சியம். ஏழு ஆண்டுவரை சிறைக்கு இடமுள்ள குற்றம். மாட்டினால் கையெழுத்துப் போட்ட நீங்கள் இருவரும்தான் கூண்டில் நிற்பீர்கள். இப்படிப் பணம் கேட்டுக் கோர்ட் வாசலில் நிற்கும் ஆட்கள் வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. இவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி முத்திரை குத்திய 'விவாகரத்தோடு' அழுதுகொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை நம்பி ஒருத்தி மறுமணத்துக்கே நாள் குறித்துவிட்டாள். அந்தத் தாள் செல்லவே செல்லாது. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100-க்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

முதல் மனு போட்டபின், இறுதி வாக்குமூலத்துக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில், அந்தக் காலத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரசம் பேசிப் பார்த்துத் தோற்றிருக்க வேண்டும், பணமும் பிள்ளை விஷயமும் முடிவாகியிருக்க வேண்டும். உங்களுக்கு முதல் நிபந்தனை எப்போதோ நிறைவேறிவிட்டது. முதல் மனு கொடுத்து ஒரு வாரம் ஆனதும், ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனுவைப் போடுங்கள். தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டாகியும், 'எதற்கும் ஆறு மாதம் யோசித்துப் பார்க்கட்டும்' என்று வாய்தா போடுவது நிற்கவில்லை. நோட்டில் எழுதிப் பேசிக்கொண்டு வருடங்களை ஓட்டியவர்கள் இனி எதை யோசிப்பார்கள்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் ஜீவனாம்சத் தொகையில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இறுதி வாக்குமூலத்தின்போது நீதிபதி முன்னால் வங்கி வரைவோலையாகவும் கொடுக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மகன் எந்த வீட்டில், எந்தெந்த விடுமுறைக்கு யாரிடம், ஃபீஸ் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். ஏறக்குறைய இருபது மாதம் அந்தப் பையன் ஹாலில் உட்கார்ந்து உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கையெழுத்துப் போடும்முன் அவனிடமும் ஒருமுறை பேசுங்கள்.

அடி, மிரட்டல் என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் இந்த வழியே வேண்டாம், உடனே பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். ஊரடங்கில் எத்தனையோ பெண்களால் அந்த ஒரு போனைக்கூடச் செய்ய முடியவில்லை. அடிப்பவன் அதே அறையில் உட்கார்ந்திருந்தான். 2020 ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் வாட்ஸ்அப் எண் அறிவித்தது அதனால்தான்.

ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதி போட்டிருக்கும் பக்கங்களை போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே முகவரியைப் பார்த்து நீதிபதி சந்தேகப்பட்டால், வாடகை ஒப்பந்தம் தராத நம்பிக்கையை அது தரும்.