பூவனா, ரஸ்தாளியா? மரபணு அளவு சொல்லாது

கேள்வி: புதுவயல் பக்கம் ஒன்றரை ஏக்கரில், பூவன் என்று சொல்லி விற்ற திசு வளர்ப்புக் கன்று நட்டிருக்கிறேன். காரைக்குடி கல்யாணப் பந்திகளுக்கு இலை கொடுக்கலாம் என்று எண்ணம். பார்ப்பவர்கள் ரஸ்தாளி மாதிரி இருக்கிறதே என்கிறார்கள். விற்றவர், 'மரபணு அளவு பார்த்த கன்று, பூவனேதான்' என்று தாள் காட்டுகிறார். நானும் இலையை அனுப்பி அளந்து பார்க்கவா?

பதில்: வேண்டாம் ஐயா, காசு வீண். இலைத் துண்டைப் பிளேடால் பொடியாக நறுக்கி, உட்கருக்களுக்குச் சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் ஓடவிட்டு, அளவு தெரிந்த பட்டாணி போன்ற செடியோடு ஒப்பிட்டு, ஒரு செல்லில் மொத்த டி.என்.ஏ. எவ்வளவு என்று கணக்கிடும் சோதனை அது. நல்ல சோதனைதான். நெய்ப்பூவனையும் பூவனையும் பிரித்துவிடும். முன்னதற்கு 22 குரோமோசோம், பின்னதற்கு 33. ஆனால் ரஸ்தாளிக்கும் அதே 33, அதே ஏஏபி தொகுதி; அதாவது ஏ, பி என்ற இரண்டு காட்டு வாழை மூதாதைகளில் ஏ-யிடமிருந்து இரண்டு பங்கு, பி-யிடமிருந்து ஒரு பங்கு. ஆக, அந்தத் தாளில் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. தெரிந்தே அதைக் காட்டி விற்பது ஏமாற்று வேலை.

குருத்து விரியும்போது நடுநரம்பின் பின்புறத்தைப் பாருங்கள். ரோஸ் நிறம் ஓடினால் பூவன். இலைக்காம்பு விளிம்பில் சிவப்பும், மஞ்சள் கலந்த பச்சைத் தண்டில் பழுப்புத் திட்டும் இருந்தால் ரஸ்தாளி. சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற வாழை ஆய்வாளர்கள் 1955-இல் வாழைகளை வகைப்படுத்தியதே 15 அடையாளங்களைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டுத்தான். சந்தேகம் தீராவிட்டால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

கன்று வாங்கும்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: தாய்மரம் எது? வைரஸ் பார்த்தார்களா? இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகிவிடும் முடிக்கொத்து வைரஸ் நோய் கன்றோடு வரும். மரபணு அளவில் தெரியாது. பூவனுக்கு, இலையில் கோடுகோடாக விழும் கோடு வைரஸ் தொல்லை வேறு. வாழையின் பி தொகுதிக்குள்ளேயே இந்த வைரஸின் துண்டுகள் ஒளிந்திருந்து, திசு வளர்ப்பில் கிளம்புவதுண்டு. வைரஸ் சோதனையும் ரகத் தூய்மைச் சோதனையும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் செய்கிறார்கள். அந்தச் சான்று இல்லாத திசு வளர்ப்புக் கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அதைவிட, குலை தள்ளும்வரை நீங்களே பார்த்த, நோயில்லாத தோட்டத்து ஈட்டிக் கன்றே (ஈட்டி போல் குறுகிய இலையோடு தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்று) மேல் என்பேன்.

ரஸ்தாளி என்று உறுதியானால், அதை எளிதில் பிடிக்கும், மண்வழி பரவும் வாடல் நோயைக் கவனியுங்கள். அடியிலை மஞ்சளாகித் தொங்கி, தண்டின் அடி வெடித்தால், அந்த மரத்தைக் கிழங்கோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்த வயலின் மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கிருந்து யாருக்கும் கன்றும் கொடுக்காதீர்கள்.