வழக்கில் வந்த பணத்துக்கு வரி உண்டா? மும்பை வாசகர்களின் கேள்விகள்

(எல்லாமே 2025-26 நிதியாண்டில் கைக்கு வந்த பணம் என்பதால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படியே பதில்கள்.)

கேள்வி: என்னை வேலையிலிருந்து நீக்கிய நிறுவனத்துடன் வழக்கு சமரசமாகி, 12 லட்சம் ரூபாய் வந்தது. இழப்பீட்டுக்கு வரி கிடையாது என்கிறார் நண்பர். சரிதானா? – மாட்டுங்கா வாசகர்

பதில்: நண்பர் பேச்சைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். பத்திரத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், பணம் எதற்கு ஈடாக வந்தது என்பதுதான் கேள்வி. வேலை போனதற்காக முதலாளி தரும் தொகை, 17(3) பிரிவின்படி சம்பளத் தலைப்பில் வரும்; வரி உண்டு. சமரசப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பழைய சம்பளப் பாக்கி இவ்வளவு என்று தனியே எழுதியிருந்தால், அந்தப் பாக்கியை உரிய ஆண்டுகளுக்குப் பிரித்து 89-ஆம் பிரிவு நிவாரணம் (பல ஆண்டுப் பாக்கி ஒரே ஆண்டில் வருவதால் கூடும் வரியைக் குறைக்கும் சலுகை) கேட்கலாம். முதலில் அதற்கான 10இ படிவத்தை இணையத்தில் சமர்ப்பித்து, அதன்பிறகே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். இல்லாவிட்டால் நிவாரணத்தை மறுத்து நோட்டீஸ் வரும். மொத்தமாக ஒரே தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நிறுவனங்களுக்கு வசதி, அவஸ்தை உங்களுக்கு. தொழில் தகராறுச் சட்டப்படி நீங்கள் 'தொழிலாளி' என்றால், ஆட்குறைப்பு இழப்பீட்டில் அச்சட்டம் கணக்கிடும் தொகை அல்லது 5 லட்சம், இவற்றில் குறைந்ததற்கு விலக்கு உண்டு. மேலாளர்களுக்கு இது கிடையாது.

கேள்வி: விபத்தில் கணவரை இழந்தேன். தீர்ப்பாயம் தந்த தொகையின் வட்டியில் காப்பீட்டு நிறுவனம் டிடிஎஸ் பிடித்துவிட்டது. – தாராவி வாசகி

பதில்: அசல் இழப்பீடு வருமானமே அல்ல, அம்மா. மனு போட்ட நாள் முதல் தீர்ப்பு வரையிலான வட்டிக்கும் வரி இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு பணம் தரத் தாமதித்ததற்கான வட்டி வேறு. அதை 'இதர வருமானம்' தலைப்பில் காட்டுங்கள். 26ஏஎஸ் படிவத்தில் பிடித்தம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேளுங்கள். தீர்ப்பின் நகல் கையில் இருக்கட்டும். துறை கேட்கலாம்.

கேள்வி: விவாகரத்தில் கிடைத்த ஜீவனாம்சம்? – செம்பூர் வாசகி

பதில்: மொத்தமாக வந்தால் வரி இல்லை; மாதாமாதம் வந்தால் உண்டு. 1984-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த கோடு இது.

கேள்வி: நிறுவனத்திடம் சம்பளப் பாக்கி வாங்க வக்கீலுக்குக் கொடுத்த பணத்தைக் கழிக்கலாமா? – முலுண்ட் வாசகர்

பதில்: முடியாது. சம்பளத் தலைப்பில் நிலையான கழிவு உண்டு. வழக்குச் செலவுக்கு அதில் இடமே இல்லை.